மருத்துவமனை உள்ள பல்கலையா, கவுன்சலிங் சீட்டா? பயோமெடிக்கல் சேரும்முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கட்-ஆஃப் 176. கோவைப் பக்கம் அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி ஒன்றில் கவுன்சலிங் மூலம் பி.இ. பயோமெடிக்கல் கிடைக்கும் போலிருக்கிறது. கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 55,000. சென்னையில் சொந்த மருத்துவமனை வைத்திருக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்று ஆண்டுக்கு 3.25 லட்சம் கேட்கிறது, ஹாஸ்டல் தனி. கடன் வாங்கித்தான் கட்ட வேண்டும். எதில் சேர்ப்பது? இல்லை, ஈ.சி.ஈ. படிக்கவைத்து, பிறகு எம்.டெக்.கில் பயோமெடிக்கல் பக்கம் அனுப்பலாமா?

பதில்:

பணக் கணக்கிலிருந்து தொடங்குகிறேன். அதைப் பெரும்பாலான வீடுகளில் பாதிதான் போடுகிறார்கள்.

நிகர்நிலையில் கல்விக் கட்டணம் மட்டும் நான்கு ஆண்டுக்கு 13 லட்சம். இணைப்புக் கல்லூரியில் 2.2 லட்சம். ஹாஸ்டல், மெஸ், பஸ் வித்தியாசத்தையும் சேர்த்தால் இரண்டுக்கும் இடையே 12 லட்சம் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 12 லட்சத்தை வருடத்துக்கு 3 லட்சமாகக் கடன் வாங்குகிறீர்கள், வட்டி 10 சதவீதம். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். ஆனால் வட்டி அந்த ஐந்து ஆண்டும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். முதல் ஆண்டு வாங்கிய 3 லட்சத்துக்கு ஐந்தாண்டு வட்டி, இரண்டாம் ஆண்டுத் தொகைக்கு நான்காண்டு, அப்படியே மூன்று, இரண்டு. தனிவட்டியாகப் போட்டாலே 4.2 லட்சம். ஆக, தவணை தொடங்கும் நாளில் கடன் 12 லட்சமாக இருக்காது, 16.2 லட்சமாகியிருக்கும். பத்தாண்டில் அடைக்க மாதம் ஏறக்குறைய 21,400 ரூபாய் ஆகும். பதினைந்து ஆண்டாக நீட்டினால் 17,400. படிக்கும்போதே மாதாமாதம் வட்டியை மட்டும் கட்டிவந்தால் இந்த 4.2 லட்சம் அசலோடு சேராது. முடிந்தவர்கள் அதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

இந்தத் தவணைக்குப் பக்கத்தில் சம்பளத்தை வைத்துப் பாருங்கள். தனியார் மருத்துவமனையின் பயோமெடிக்கல் பிரிவில் புதிதாகச் சேர்பவருக்கு 15,000 முதல் 20,000 ரூபாய் என்பது இங்கே அரிதான விஷயம் இல்லை. கருவி நிறுவனங்களில் சர்வீஸ் இன்ஜினியர், அப்ளிகேஷன் ஸ்பெஷலிஸ்ட் (கருவியை இயக்கிக்காட்டிப் பயிற்சி தருபவர்) வேலைகள் இதைவிட மேல். பெங்களூரில் உள்ள ஜி.இ. ஹெல்த்கேர், பிலிப்ஸ், சீமென்ஸ் ஹெல்தினியர்ஸ் போன்ற இடங்களின் மென்பொருள், வடிவமைப்புப் பணிகள் இன்னும் மேல். ஆனால் அந்த வடிவமைப்பு வேலைகளுக்கு ஈ.சி.ஈ., கம்ப்யூட்டர் சயின்ஸ் பிள்ளைகளும் போட்டியிடுவார்கள். பல இடங்களில் முதுகலையும் எதிர்பார்ப்பார்கள். முதல் வேலையின் சம்பளம் முழுவதும் தவணைக்கே போனால், நல்ல அனுபவம் தரும் குறைந்த சம்பள வேலையை உங்கள் மகளால் தேர்ந்தெடுக்கவே முடியாது. கடனின் உண்மையான விலை இதுதான்.

கவுன்சலிங் பக்கம் இன்னும் குறைக்க வழி உண்டு. 2017-ல் கட்டண நிர்ணயக் குழு, அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு தேசிய அங்கீகார வாரியத்தின் (என்.பி.ஏ.) அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவு என்றால் 55,000, இல்லையென்றால் 50,000 என்று வைத்தது. நீங்கள் சேரும் ஆண்டின் ஆணையில் உள்ள தொகையைச் சரிபார்த்துக்கொண்டு, அதற்கு மேல் ‘பயிற்சிக் கட்டணம்’, ‘மேம்பாட்டுக் கட்டணம்’ என்று எவ்வளவு வாங்குகிறார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சலுகையில் ஆண்டுக்கு 25,000 குறையும். சான்றிதழை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டைப் பாருங்கள். அதில் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இந்த இரண்டு சலுகைகளுமே கவுன்சலிங் வழியாகச் சேர்வோருக்குத்தான்.

இனி படிப்பின் தரம். தன்னாட்சி இல்லாத இணைப்புக் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே கேள்வித்தாள், ஒரே பட்டம். உடற்கூறியல்–உடலியங்கியல், சென்சார்கள், அனலாக்–டிஜிட்டல் மின்னணுவியல், பயோமெடிக்கல் இன்ஸ்ட்ருமென்டேஷன், நோயறி–சிகிச்சைக் கருவிகள், சிக்னல் பிராசசிங், மருத்துவப் பட ஆய்வு என்று அது மோசமான பாடத்திட்டம் இல்லை. ஆகவே இரண்டு இணைப்புக் கல்லூரிகளுக்கு இடையே பாடத்திட்டத்தைக் காட்டி யாராவது அதிகப் பணம் கேட்டால் நம்பாதீர்கள். தன்னாட்சிக் கல்லூரிகளும் நிகர்நிலைகளும் சொந்தப் பாடத்திட்டம் வைத்திருப்பார்கள். அங்கே எட்டு செமஸ்டரையும் எடுத்துவைத்து, எலக்ட்ரானிக்ஸும் புரோகிராமிங்கும் எத்தனை தாள் என்று எண்ணுங்கள். ‘மருத்துவத்தில் ஏ.ஐ.’ மாதிரியான பெயர்கள் நிறைய இருந்து, சர்க்யூட் பாடங்கள் இரண்டோடு நின்றுவிட்டால் அது பலவீனமான படிப்பு.

அடுத்தது மருத்துவமனை. நிகர்நிலை கேட்கும் கூடுதல் பணத்துக்கு அவர்கள் காட்டும் முதல் காரணம் இதுவாகத்தான் இருக்கும். மருத்துவமனை வளாகத்துக்குள் இருப்பது நல்லதுதான், மறுக்கவில்லை. கோவையில் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரிக்குப் பக்கத்திலேயே பீளமேட்டில் பி.எஸ்.ஜி. மருத்துவமனை இருப்பது அந்தத் துறைக்கு உண்மையான வசதி. ஆனால் கட்டடம் பக்கத்தில் இருப்பதும் மாணவர் உள்ளே நுழைந்து கருவியைத் தொடுவதும் வேறு வேறு. ‘எங்களிடம் 3 டெஸ்லா எம்.ஆர்.ஐ. இருக்கிறது’ என்ற விளம்பரத்தால் மாணவருக்கு அனேகமாக ஒரு பயனும் இல்லை. எம்.ஆர்.ஐ., சி.டி., இதய ரத்தக்குழாய் சிகிச்சைக்கான கேத் லேப் போன்றவை பெரும்பாலும் தயாரித்த நிறுவனத்தின் பராமரிப்பு ஒப்பந்தத்தில் இருக்கும். மருத்துவமனையின் சொந்த இன்ஜினியர்களே அவற்றைத் திறக்க மாட்டார்கள். அவர்கள் கையில் இருப்பவை மானிட்டர், இன்ஃப்யூஷன் பம்ப், வென்டிலேட்டர், டயாதெர்மி (அறுவை சிகிச்சையில் மின்சாரத்தால் வெட்டும் கருவி), டிஃபிப்ரிலேட்டர் (இதயத்துக்கு மின் அதிர்ச்சி தருவது), ஓ.டி. லைட், சக்‌ஷன் மாதிரியானவை. மாணவர் கற்றுக்கொள்வதும் அங்கேதான்.

எனவே கல்லூரியின் அட்மிஷன் அலுவலகத்தைத் தாண்டி, அந்த மருத்துவமனையின் பயோமெடிக்கல் ஒர்க்‌ஷாப் எங்கே என்று விசாரித்துப் போங்கள். பெரும்பாலும் அடித்தளத்தில், ஸ்டோர் பக்கத்தில் இருக்கும். அங்கே இருப்பவரிடம் கேட்க வேண்டியது: மாணவர்கள் வருடத்தில் எத்தனை நாள் வருகிறார்கள், ஒரு தடவைக்கு எத்தனை பேர், பிரிவென்டிவ் மெயின்டனன்ஸ் (பழுது வருமுன் செய்யும் பராமரிப்பு) செய்யும்போது கூட நிற்கிறார்களா, பழுதான கருவியைக் கழற்ற விடுகிறீர்களா. ‘அறுபது பேரும் ஒரே நாளில் வந்து சுற்றிப்பார்த்துப் போவார்கள்’ என்று பதில் வந்தால், அது சுற்றுலா. பராமரிப்பையே வெளி ஏஜென்சிக்கு விட்டுவிட்ட மருத்துவமனை என்றால், ஏஜென்சிக்காரர் மாணவர்களை அருகே சேர்க்க எந்தக் கட்டாயமும் இல்லை. அதே சமயம், கோவை போன்ற ஊரில் சொந்த மருத்துவமனை இல்லாத கல்லூரிகூட, நகரின் இரண்டு மூன்று மருத்துவமனைகளில் ஐந்தைந்து பேராக மாதக்கணக்கில் பயிற்சிக்கு அனுப்ப முடியும். அப்படி அனுப்புகிறார்களா, மருத்துவமனையின் பெயர் என்ன, கடைசியாக எந்த பேட்ச் போனது என்று துறைத்தலைவரிடம் கேளுங்கள். புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்ட புகைப்படம் பதில் ஆகாது.

ஆய்வகத்தைப் பார்க்கப் போகும்போது கண்ணாடி அலமாரிக்குள் இருப்பதைப் பார்க்க வேண்டாம். மேசைமேல் என்ன இருக்கிறது என்று பாருங்கள். முப்பது பேர் கொண்ட ஒரு லேப் பேட்சுக்குப் சிக்னலைத் திரையில் காட்டும் ஆஸிலோஸ்கோப் பத்தாவது வேலை செய்ய வேண்டும். பேஷன்ட் சிமுலேட்டர், எலக்ட்ரிகல் சேஃப்டி அனலைசர், டிஃபிப்ரிலேட்டர் அனலைசர், டயாதெர்மி அனலைசர் ஆகிய நான்கு சோதனைக் கருவிகளும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். கருவி நிறுவனங்களிலும் மருத்துவமனைகளிலும் தினமும் கையில் எடுப்பவை இவை. சேஃப்டி அனலைசர் வைத்துக் கசிவு மின்னோட்டம் அளந்த மாணவருக்கு, இதயத்தோடு நேரடியாக இணையும் சி.எஃப். வகைக் கருவியில் நோயாளிக் கசிவு சாதாரண நிலையில் 10 மைக்ரோ ஆம்பியரைத் தாண்டக்கூடாது, இதயத்தோடு நேரடியாக இணையாத பி.எஃப். வகையில் 100 வரை அனுமதி என்பது மனப்பாடமாகவே இருக்கும்.

மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரைத் தனியே பிடித்துக் கேட்க ஒரே ஒரு கேள்வி வேண்டும் என்றால் இது: “உங்க இ.சி.ஜி.யை நீங்களே கட்டின சர்க்யூட்ல எடுத்திருக்கீங்களா?” எடுத்திருந்தால் தொடர்ந்து, “முதல் தடவை ஏன் வரல?” என்று கேளுங்கள். உடலில் கிடைக்கும் இ.சி.ஜி. சிக்னல் ஏறக்குறைய 1 மில்லிவோல்ட்தான். அதைப் பெருக்க வேண்டும் என்று ஏ.டி.620 போன்ற ஆம்ப்ளிஃபையரில் முதல் கட்டத்திலேயே ஆயிரம் மடங்கு வைத்தால், எலக்ட்ரோடும் தோலும் சேரும் இடத்தில் உருவாகும் டி.சி. வோல்டேஜ், சிக்னலைவிட நூறு மடங்குக்கு மேலேகூட இருக்கக்கூடியது, ஆம்ப்ளிஃபையரை அதன் உச்ச அளவில் முட்டவைத்துவிடும். திரையில் நேர்க்கோடுதான் தெரியும். முதல் கட்டத்தில் ஐந்து, பத்து மடங்கு மட்டும் வைத்து, ஹை-பாஸ் ஃபில்டரில் டி.சி.யை நீக்கி, பிறகே மீதிப் பெருக்கத்தைத் தர வேண்டும். அதற்குப் பிறகும் மின்சார லைனின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் மேலே படரும். வலது காலுக்குத் திருப்பி ஓட்டும் சர்க்யூட்டைச் சேர்த்து, வயர்களை முறுக்கி, எலக்ட்ரோடை மாற்றி ஒட்டினால் அடங்கும். இதையெல்லாம் செய்தவர் அந்தத் தவறுகளைக் கையை ஆட்டி ஆட்டிச் சொல்வார். கிட்டில் வயரைச் செருகி ரெக்கார்டு நோட்டில் வரைந்தவர் ‘வந்துச்சு சார்’ என்பதோடு நிறுத்திவிடுவார். இந்த ஒரு உரையாடல் எந்தத் தரவரிசைப் பட்டியலையும்விட அதிகம் சொல்லும். நீங்கள் எலக்ட்ரானிக்ஸ் படித்திருக்கத் தேவையில்லை. மகளைக் கேட்கச் சொல்லுங்கள், அவளே வித்தியாசத்தை உணர்வாள்.

தரவரிசை என்றதும் ஒன்று. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். பொறியியல் தரவரிசைப் பட்டியல் நிறுவனம் முழுவதையும் எடைபோடுகிறது, பயோமெடிக்கல் துறையைத் தனியாக அல்ல. நாற்பதாம் இடத்தில் இருக்கும் பல்கலையின் பயோமெடிக்கல் துறை போன வருடம் தொடங்கியதாக இருக்கலாம். என்.பி.ஏ. அங்கீகாரம்தான் பாடப்பிரிவைத் தனியாகப் பார்ப்பது. ஆனால் இரண்டு பேட்சாவது படித்து வெளியேறிய பிறகே அதற்கு விண்ணப்பிக்க முடியும். கல்லூரிக்கு என்.பி.ஏ. இருக்கிறது என்று சொன்னால், ‘பயோமெடிக்கலுக்கா, எந்த ஆண்டு வரை?’ என்று கேளுங்கள். முதல் பேட்ச் இன்னும் வெளியேறாத துறைக்கு அதிகப் பணம் கட்டாதீர்கள். அங்கே உங்கள் மகள்தான் சோதனை. இணைப்புக் கல்லூரிகளின் செமஸ்டர் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகமே வெளியிடுகிறது. தேர்ச்சி மிகக் குறைவான கல்லூரிகளைக் கழித்துக்கட்ட அது போதும், அதற்கு மேல் அதில் ஒன்றும் படிக்க முடியாது.

ஆசிரியர்கள் பட்டியலில் பயோமெடிக்கல் அல்லது மெடிக்கல் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். ஈ.சி.ஈ. ஆசிரியர்கள் சிலர் இருப்பது நல்லதே. எல்லோரும் அவர்களாகவே இருந்தால்தான் கவலை. மூன்று ஆண்டுக்கு மேல் அங்கேயே இருப்பவர்கள் பாதிப் பேராவது இருக்க வேண்டும்.

வேலைவாய்ப்பு விஷயத்தில் ‘அதிகபட்சச் சம்பளம்’ என்ற எண்ணைக் காதில் வாங்காதீர்கள். அது கம்ப்யூட்டர் சயின்ஸ் பையன் ஒருவனுடையது. பயோமெடிக்கல் பிரிவுக்கு மட்டும், கடந்த இரண்டு பேட்சுக்கு, யார் எந்த நிறுவனத்தில் என்ன பதவியில் என்ற பட்டியலைக் கேளுங்கள். கருவி நிறுவனம், மருத்துவமனை, ஐ.டி., மேல்படிப்பு, எதிலும் சேராதவர் என்று ஐந்தாகப் பிரியுங்கள். இடையில் இருப்பவரின் சம்பளம் என்ன என்பதே உங்களுக்கு வேண்டிய எண். ஐ.டி. நிறுவனம் ஒன்று வளாகத்துக்கு வருகிறது என்றால் பயோமெடிக்கல் மாணவர்களைத் தேர்வில் உட்கார விடுகிறதா என்றும் கேட்க வேண்டும். ‘எல்லாப் பிரிவும்’ என்று அறிவிக்கும் நிறுவனமும் உண்டு, சில பிரிவுகளை மட்டும் எடுக்கும் நிறுவனமும் உண்டு. இது சின்ன விஷயமாகத் தெரியும், இறுதியாண்டில் பெரிதாகிவிடும்.

பட்டத்தின் பெயரையும் பாருங்கள். பயோமெடிக்கல் இன்ஜினியரிங், மெடிக்கல் எலக்ட்ரானிக்ஸ், பயோடெக்னாலஜி, பயோமெடிக்கல் சயின்ஸ் நான்கும் வேறு. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மத்திய அரசு நிறுவனமான எச்.எல்.எல்., எய்ம்ஸ் போன்ற இடங்களின் அறிவிப்பில் எந்தப் பட்டம் தகுதி என்று வரி வரியாக எழுதியிருப்பார்கள். பழைய அறிவிப்பு ஒன்றிரண்டை எடுத்து, உங்கள் பட்டத்தின் பெயர் அதில் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள்.

ஈ.சி.ஈ. கேள்விக்கு வருகிறேன். மகளுக்கு மருத்துவக் கருவிகள்மேல் உண்மையான ஆர்வமா, ‘டாக்டர் கிடைக்கவில்லை, அதற்குப் பக்கத்தில் ஏதாவது’ என்ற எண்ணமா? இரண்டாவது என்றால் ஈ.சி.ஈ.தான் பாதுகாப்பு. வேலைக் கதவுகள் அதிகம். பிறகு மனம் நிலைத்தால் முதுகலையில் பயோமெடிக்கலுக்கு வரலாம். பல எம்.டெக். படிப்புகள் ஈ.சி.ஈ., ஈ.ஈ.ஈ. மாணவர்களைச் சேர்த்துக்கொள்கின்றன. பி.இ. பயோமெடிக்கல் முடித்தவர்களுக்கு 2020 முதல் கேட் (எம்.டெக். நுழைவு) தேர்வில் தனித் தாள் இருக்கிறது. ஆனால் கேட் மதிப்பெண்ணை வைத்து ஆள் எடுக்கும் பொதுத்துறை நிறுவனங்கள் பெரும்பாலும் அந்தத் தாளைக் கணக்கில் எடுப்பதில்லை, அதை நம்பிச் சேர வேண்டாம். ஆர்வம் உண்மை என்றால் பயோமெடிக்கலே சரி. மருத்துவமனை வேலைகளும் கருவிப் பராமரிப்புப் பணிகளும் அந்தப் பட்டத்தைத்தான் கேட்கின்றன.

இங்கேதான் என் தீர்மானம் வருகிறது. பயோமெடிக்கலில் இளங்கலை ஒரு அடித்தளம். இமேஜிங், உள்பொருத்துக் கருவிகள், கிளினிக்கல் இன்ஜினியரிங் என்று ஆழம் எல்லாம் முதுகலையில். சென்னை ஐ.ஐ.டி., வேலூர் சி.எம்.சி., திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம் மூன்றும் சேர்ந்து நடத்தும் கிளினிக்கல் இன்ஜினியரிங் எம்.டெக். அதற்குச் சரியான உதாரணம். இந்தியாவிலேயே உருவாக்கிய சித்ரா இதய வால்வு பிறந்தது அந்தத் திருவனந்தபுர நிலையத்தில்தான். அப்படிப்பட்ட இடத்தில் இரண்டு ஆண்டு இருப்பதற்கு, எந்த வளாக மருத்துவமனையும் ஈடாகாது. கேட் மூலம் எம்.டெக். சேர்பவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. ஜெர்மனி போக ஆசைப்பட்டால், அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைகளில் கல்விக் கட்டணம் இல்லை. ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கான 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் (மாதம் ஓர் அளவுதான் எடுக்க விடும் வங்கிக் கணக்கு) காட்டினால் போதும் என்பது 2024-ல் வைத்த அளவு. அது 12 லட்சத்துக்குச் சற்றொப்ப வரும் தொகை. இளங்கலைக்கே அந்தக் கடனைச் செலவழித்துவிட்டால் முதுகலைக்கு வங்கி வாசலில் மறுபடி நிற்க முடியாது.

ஆகவே நீங்கள் சொன்ன இரண்டில் இணைப்புக் கல்லூரியைத்தான் எடுப்பேன், மேலே சொன்ன லேப் சோதனையில் அது சுமாராகத் தேறினாலும். நிகர்நிலையின் ஒர்க்‌ஷாப்பில் மாணவர்கள் உண்மையிலேயே கருவி கழற்றுகிறார்கள், பாதிப் பேர் கருவித் துறையில் இருக்கிறார்கள், கூடவே ஐம்பது சதவீதக் கட்டணச் சலுகையும் எழுத்தில் தருகிறார்கள் என்றால் மட்டும் என் பதில் மாறும். அப்போதும் அந்தச் சலுகை நான்கு ஆண்டுக்குமா, சி.ஜி.பி.ஏ. எவ்வளவுக்குக் கீழே போனால் போய்விடும் என்று பாருங்கள். முதலாண்டுக்குப் பிறகு சலுகை நின்று, நடுவில் விலகவும் முடியாமல் முழுக் கட்டணம் கட்டும் பெற்றோர் நிறைய.

ஜே.இ.இ. மெயின் எழுதியிருந்தால் ரூர்கேலா, ராய்ப்பூர் என்.ஐ.டி.களில் பி.டெக். பயோமெடிக்கல் இருப்பதை மறக்காதீர்கள். அங்கே கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 1.25 லட்சம். குடும்ப ஆண்டு வருமானம் ஒன்று முதல் ஐந்து லட்சத்துக்குள் என்றால் அதில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி, ஒரு லட்சத்துக்குக் கீழ் என்றால் முழுவதும் தள்ளுபடி. எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கும் முழுத் தள்ளுபடி.

கவுன்சலிங்கில் விருப்பப் பட்டியல் போடும்போது ‘இது கிடைக்காது’ என்று நல்ல கல்லூரியை விட்டுவிடாதீர்கள். பட்டியலில் மேலே இருப்பதால் கீழே உள்ள இடம் பறிபோகாது. சென்ற இரண்டு மூன்று ஆண்டுகளின் கட்-ஆஃபை உங்கள் வகுப்புப் பிரிவுக்கானதாகவே எடுத்துப் பாருங்கள். பொதுப்பிரிவு எண்ணை வைத்துப் பயப்பட வேண்டாம். கிடைத்த இடத்தை ஏற்றுக்கொண்டு, மேலே உள்ளதற்குக் காத்திருக்கும் வாய்ப்பும் இருக்கிறது. அதை எடுத்தால் மேல் விருப்பம் கிடைத்தவுடன் கீழ் இடம் தானாகப் போய்விடும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

நிகர்நிலைக்கு இப்போதே முன்பணம் கட்டச் சொல்லி போன் வந்துகொண்டிருக்கும். கவுன்சலிங் முடியும்வரை கட்டாமல் இருப்பது நல்லது. கட்டியே ஆக வேண்டும் என்றால், அவர்கள் அறிவித்த சேர்க்கைக் கடைசித் தேதியை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். யு.ஜி.சி. 2018-ல் அறிவித்த விதிப்படி, அந்தத் தேதிக்குப் பதினைந்து நாளோ அதற்கு மேலோ முன்பாக விலகினால் கட்டணம் முழுவதும் திரும்ப வர வேண்டும். நிர்வாகச் செலவு என்று அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை பிடிக்கலாம். பிறகு 90, 80, 50 சதவீதம் என்று இறங்கி, கடைசித் தேதி தாண்டி முப்பது நாள் ஆனால் ஒன்றும் வராது. பல ஆண்டுகளில் யு.ஜி.சி. இதைவிடச் சாதகமான தேதியைத் தனியாக அறிவிக்கிறது, அதையும் பாருங்கள். விலகல் கடிதத்தை நேரில் கொடுத்து முத்திரையோடு நகல் வாங்குங்கள், அதே நாளில் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். அசல் மதிப்பெண் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ள எந்தப் பல்கலைக்கும் உரிமை இல்லை. சரிபார்த்தவுடன் கையோடு திரும்ப வாங்கிவிடுங்கள். கவுன்சலிங்கில் இடம் உறுதியானதும் கல்லூரியில் முதலில் கேட்பது அந்த அசல்களைத்தான்.